கிருமியின் சீனிப் போர்வை

கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு மூச்சிழுப்பும் கண்டு, விலாவில் பள்ளம் விழுந்தால் நம் வீட்டுப் பாட்டிமார் கலங்கிப்போவார்கள். அந்தக் கலக்கம் நியாயமானதுதான். நிமோனியா என்னும் நுரையீரல் நோயைக் கொண்டுவரும் கிருமிகளுள் முக்கியமானது நிமோகாக்கஸ். அது மூளைச் சவ்வையும் தாக்கக்கூடியது.

இக்கிருமி தன்னைச் சுற்றி வழவழப்பான போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. நம் இரத்தத்தின் வெள்ளணுக்கள் அதைப் பிடிக்கப் போனால், விலாங்கு மீனைப் பிடித்த கதைதான்! 1923இல் அமெரிக்காவில் ஹைடல்பெர்கர், ஏவரி என்ற அறிஞர்கள் அப்போர்வை ஒருவகைச் சர்க்கரை என்று கண்டறிந்தார்கள். நாம் தேநீரில் போடும் சீனியன்று. பல சர்க்கரைகளைப் பாசிமணிபோலக் கோத்த நீண்ட சரம். இதைப் பாலிசாக்கரைடு என்பார்கள்.

இந்தப் போர்வையைத்தான் மருந்தாக்குகிறார்கள். பெரிய எஃகுத் தொட்டியில் சத்துநீர் ஊற்றிக் கிருமியை வளர்க்கிறார்கள். பிறகு அதைக் கொன்று, வடிகட்டுகிறார்கள். திராவகம் விட்டு ரப்பர்ப் பாலை உறையவைப்பதைப் பாரோய் வட்டாரத் தோட்டங்களில் பலர் செய்திருப்பார்கள். ஏறக்குறைய அதுபோல, எரிசாராயம் சேர்த்ததும் சர்க்கரைச் சரம் நீரிலிருந்து பிரிந்து படிகிறது. அதைத் திரும்பத் திரும்பச் சுத்திகரிக்க வேண்டும். வேலையில் பெரும்பங்கு இதுதான்.

ஆனால், வெறும் சர்க்கரையை ஊசியாகப் போட்டால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பு அதைச் சரியாக அடையாளம் கண்டுகொள்வதில்லை. எனவே அதை ஒரு புரதத்தோடு பிணைக்கிறார்கள். புரதத்தைக் கண்டதும் உடம்பு விழித்துக்கொள்கிறது. கூடவே சர்க்கரையையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்தியாவில் புனே நகரிலுள்ள சீரம் நிறுவனமும் இத்தகைய ஊசிமருந்தைத் தயாரிக்கிறது.

நம் நாட்டில், 2020 ஜனவரி முதல் தேதியிலும் அதற்குப் பின்னரும் பிறந்த குழந்தைகளுக்காக அரசாங்கம் இந்த ஊசியை அட்டவணையில் சேர்த்தது. நான்கு, ஆறு, பதினைந்தாம் மாதங்களில் போடுவதென்று வகுத்தார்கள். கடைசி ஊசிதான் மறந்துபோகக்கூடியது. குழந்தை நடக்கத் தொடங்கியதும் கிளினிக் அட்டை பெட்டிக்கு அடியில் போய்விடும்.

"ஊசி போட்டும் சளி பிடிக்கிறதே!" என்று சிலர் கேட்பதுண்டு. சாதாரணச் சளி வேறு கிருமிகளால் வருவது. நிமோகாக்கஸிலும் நூறு வகைக்கு மேல் உண்டு. ஊசி அவற்றுள் கொடிய சிலவற்றையே தடுக்கும். ஆகவே ஊசி போட்ட குழந்தைக்கும் இருமலும் காய்ச்சலும் வந்தால், அது அமைதியாக இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்திற்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.