உங்களுக்குத் தெரியுமா? மருந்துகள் கூட்டுச் சேர்ந்தால்…

● மூன்று பேரில் ஒருவர் மூக்கிலாவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி குடியிருக்கும். அதுபாட்டுக்கு இருக்கும்; காயம், அறுவை சிகிச்சை, டியூப் என்று உள்ளே போக வழி கிடைத்தால்தான் வம்பு. பென்சிலினுக்கு அது அடங்காமல் போனதும் மெத்திசிலின் வந்தது. 1961-லேயே பிரிட்டனில் அதற்கும் அடங்காத ரகம் பதிவாகிவிட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ.

● அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையை அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது விழுங்கியிருப்போம். அமாக்சிசிலினைச் சிதைக்கும் நொதியை மடக்கத்தான் அந்தக் கூட்டாளி. எம்.ஆர்.எஸ்.ஏ-விடம் இது பலிக்காது. மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்துக்குப் பதிலாக வேறொன்றை வைத்துக்கொண்ட கிருமி அது. பூட்டையே மாற்றிவிட்டவனிடம் பழைய சாவிக்கு எண்ணெய் போட்டு என்ன பயன்?

● குவினுப்ரிஸ்டின், டால்ஃபோப்ரிஸ்டின் என்று இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகள். தனித்தனியே கொடுத்தால் இரண்டும் ஸ்டஃபைலோகாக்கஸின் பெருக்கத்தைத்தான் தடுக்கும். 30:70 விகிதத்தில் சேர்த்தால் கொன்றேவிடும். ஒன்று கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒட்டி, மற்றது ஒட்ட இடம் செய்துகொடுக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜோடி இது.

● வழக்கமாகக் கொடுக்கும் வான்கோமைசின் மருந்துக்கு மசியாமல் போகப் போக, எம்.ஆர்.எஸ்.ஏ பென்சிலின் குடும்பத்துப் பழைய பீட்டா-லாக்டம் மருந்துகளுக்குக் கொஞ்சம் மசிய ஆரம்பிக்கும். ஆய்வகத்தில் கண்ட இந்த விசித்திரத்துக்கு ‘சீ-சா விளைவு’ என்று பெயர். அப்படியானால் இரண்டையும் சேர்த்தே கொடுத்தால் என்ன? ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், இஸ்ரேல் மருத்துவமனைகளில், ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ பரவிய 352 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். கேமரா-2 என்ற இந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஐந்தாம் நாளிலும் ரத்தத்தில் கிருமி இருந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் 20 சதவீதம். கூட்டு சிகிச்சையில் 11 சதவீதம்தான். அட, ஜெயித்துவிட்டதே என்று கைதட்டிவிட வேண்டாம். இறப்பு குறையவில்லை. திடீர் சிறுநீரகப் பாதிப்போ 6 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக எகிறியது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சோதனைக் குழாய்க்குச் சிறுநீரகம் கிடையாதே!

● பெருக்கத்தை மட்டும் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால், கொல்லும் மருந்தின் கை கட்டப்படுவதும் உண்டு. பென்சிலின் வகை மருந்துகள், கிருமி சுவர் கட்டி வளரும்போதுதான் அதைத் தகர்க்கும்; வளர்ச்சி நின்றுபோனால் அவற்றுக்கு வேலையில்லை. வேறொரு கிருமியான நியூமோகாக்கஸ் உண்டாக்கும் மூளைக்காய்ச்சலில், பென்சிலினோடு டெட்ராசைக்ளின் வகை மருந்தைச் சேர்த்தபோது கூடுதல் பேர் இறந்ததை 1951-லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

● பூண்டு, வெங்காய இனத்துச் செடி ஒன்று, திராட்சை மது, மாட்டுப் பித்தநீர். கலந்து ஒன்பது நாள் ஊறவிட வேண்டும். சுமார் ஆயிரம் ஆண்டு பழைய ஆங்கில மருத்துவச் சுவடியில் உள்ள கண்மருந்து இது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் அதைச் செய்து பார்த்தார்கள். ஆய்வகத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ செத்தது; ஒரே ஒரு சரக்கை வைத்துச் செய்தபோது அந்த வீரியம் வரவில்லை. வீட்டில் காய்ச்சிக் கண்ணில் விட்டுக்கொள்ளாதீர்கள்!

● காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை ஸ்டஃபைலோகாக்கஸுக்குத் தனியாகக் கொடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு மரபணு மாற்றத்தில் கிருமி தப்பித்துவிடும். செயற்கை மூட்டில் படலமாகப் படிந்த கிருமியை விரட்ட, இன்னொரு மருந்தோடு சேர்த்து இதைக் கொடுப்பதுண்டு. அப்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். கண்ணீருக்கும் அதே நிறம் வருவதால், காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.