திருப்பித் தர வேண்டிய உதவி

மேலதிகாரி தயாரித்த அறிக்கையில் கணக்குத் தவறு ஒன்று இருப்பதை அவருக்குக் கீழே பணிபுரியும் இளைஞர் கண்டுபிடிக்கிறார். அதை எடுத்துச் சொல்வது உதவிதானே? சீனாவில் அது, யார் முன்னிலையில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. கூட்டத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னால் அதிகாரியின் 'மியான்ட்ஸி', அதாவது 'முகம்', போய்விடும். நாம் முகத்தில் கரி பூசுவது என்போமே, அதுதான். முன்கூட்டியே தனியாகப் போய், "எனக்குத்தான் இந்த எண் புரியவில்லை, ஒருமுறை பார்க்கிறீர்களா ஐயா?" என்று கேட்பவர் அதிகாரியின் முகத்தைக் காப்பாற்றுகிறார்.

அந்த உதவி 'ரென்ச்சிங்' என்னும் நன்றிக்கடனாக நிற்கும். பின்னர் ஊரில் இளைஞரின் தாய் நோயுற்றால் கேள்வியின்றி விடுப்பு கிடைக்கும். இப்போது கடன் இவர் பக்கம். விடுமுறை நாளில் வேலைக்கு அழைத்தால் எளிதில் மறுக்க முடியாது. நிலா விழா வந்தால் நிலா அப்பப் பெட்டியோடு போகவேண்டும். இப்படிக் கொடுத்தும் வாங்கியும் வளரும் உறவே 'குவான்ஷி'. கடனை உடனே அடைப்பதும் நல்லதல்ல, உறவை முடித்துக்கொள்வதாகத் தோன்றிவிடும். கைம்மாறைக் குறிக்கும் 'பாவ்' என்ற சொல் நன்றி செலுத்துவதற்கும் வருகிறது, பழிவாங்குவதற்கும் வருகிறது!

இதை ஊழல் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பல குடும்பங்களைத் தாங்கும் நன்றியுணர்வும் இதில் இருக்கிறது. கன்பூசிய மரபின் ஐந்து உறவுகளில் நட்பு ஒன்றே மேல் கீழ் இல்லாதது. 1582-இல் மக்காவ் வந்த இயேசு சபைத் தந்தை மத்தேயோ ரிச்சி, 1595-இல் சீன மொழியில் எழுதிய நூல் அந்த நட்பைப் பற்றியதுதான்.

ஆனால் வட்டத்துக்கு வெளியே நிற்பவர்? சமூகவியலாளர் ஃபே சியாவ்துங், சீன உறவுகளை நீரில் எறிந்த கல் எழுப்பும் அலைவட்டங்களுக்கு ஒப்பிட்டார். நடுவில் 'நான்'. தள்ளிப் போகப் போகக் கடமை மங்கும். கிராமத்திலிருந்து வந்து அதே அலுவலகத்தின் தரையைத் துடைக்கும் பெண்ணிடம் திருப்பித் தர எதுவுமில்லை. அவருடைய தாய் நோயுற்றால் யார் விடுப்பு தருவார்?

லூக்கா 14:12-14 பகுதியைத் திறந்து பாருங்கள். கைம்மாறு செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கும்படி இயேசு கூறுகிறார். யாரிடம்? தமக்கு விருந்தளித்த பரிசேயர் தலைவரிடம், அவருடைய பந்தியிலேயே. 'முகம்' பற்றி அறிந்த சீன வாசகர் அந்த இடத்தில் சற்றுத் திடுக்கிடக்கூடும்.