தண்ணீர் போன தடத்தில் சைக்கிள்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வந்தால் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று பெயர்ப்பலகைகளில் குளங்களாகவே வரும். பஸ்ஸில் போகிறவருக்கு அவை தரிப்பிடங்கள். சைக்கிளில் போகிறவருக்கு அதற்கு மேலும் ஒரு சேதி அந்தப் பெயர்களில் உண்டு. குளம் இருக்கும் இடத்தில் கட்டு இருக்கும். கட்டிலிருந்து வாய்க்கால் இறங்கும். வாய்க்காலோடு வயலுக்குப் போகிற பாதை ஒன்றும் கூடவே போகும். சைக்கிள் உழக்குகிறவரின் வன்னி பெரும்பாலும் அந்தப் பாதைகளில்தான் இருக்கிறது.

ஏ9 இருக்க, உள்ளே ஏன் போகவேண்டும்?

போருக்குப் பிறகு ஏ9 காப்பற் வீதியானது. அதோடு வேகமும் வந்தது. கொழும்பு பஸ்ஸோ லொறியோ முந்திப் போகும்போது அடிக்கிற காற்றே சைக்கிளை ஆட்டிவிடும். தை, மாசியில் காலபோக அறுவடை முடிந்ததும் வீதியோரத்தில் நெல் காயப்போடுவார்கள். ஓரத்தை நம்பி வந்தவர் அப்போது நடுவீதிக்கு ஏறத்தான் வேண்டும்.

வாய்க்கால் பாதையில் இந்தத் தொல்லை இல்லை. 1902 இல் வேலை தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வாய்க்கால்கள் இடதுகரையாகவும் வலதுகரையாகவும் பிரிந்து கிளிநொச்சி வயல்களுக்குப் போகின்றன. தண்ணீர் தானாக ஓட வேண்டும், ஆனால் மண்ணை அரிக்கக்கூடாது என்பதற்காக வாய்க்காலுக்கு மிகச் சிறிய சரிவுதான் கொடுப்பார்கள். அதன் ஓரத்துப் பாதையும் அதே மட்டத்தில் போவதால் பெரிய ஏற்றம் எதிர்ப்படாது. கியர் இல்லாத லுமாலா சைக்கிளின் கரியரில் ஒரு மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்காமல் போகலாம். நெருஞ்சி முள்ளுக்கு மட்டும் பயப்பட வேண்டும். ஏ9 இலிருந்து உள்ளே இறங்கும் பல இடங்களில் ரயில் தண்டவாளம் குறுக்கிடும். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்த பிறகு, கடவையில் இறங்கி இரண்டு பக்கமும் பார்ப்பது கட்டாயமாகிவிட்டது.

எப்போது புறப்படலாம்?

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். பரந்தனிலிருந்து பூநகரிக்கு மேற்கே போகிறவருக்கு அது எதிர்காற்று. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அதனால் விடியப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டால், திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும்.

மாரியில் கணக்கு மாறும். கிறவலும் களியும் மட்காட்டுக்குள் அடைத்துச் சில்லு சுற்றாது. குளம் வான் பாயத் தொடங்கினால் தாழ்வான பாதையெல்லாம் தண்ணீருக்கே சொந்தம். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியில் பல ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. அந்த நாட்களில் சுற்றென்றாலும் தார் வீதிதான் சரி.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபட்டால் குளக்கட்டில் போகவேண்டாம். யானையும் அதே தண்ணீருக்குத்தான் வருகிறது.

சைக்கிள் ஏன் இன்னும் போகவில்லை?

வன்னியில் எரிபொருள் பலமுறை இல்லாமல் போயிருக்கிறது. 1990 க்குப் பின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் தடைப்பொருட்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட காலம் அது. 1996 இல் கிளாலிக் கடலால் வன்னிக்கு இடம்பெயர்ந்தவர்களோடு சைக்கிளும் வள்ளத்தில் ஏறியது. 2009 இல் அதையும் கொண்டுபோக முடியவில்லை. போர் முடிந்தபோது புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட வாகனங்களோடு சைக்கிள்களும் குவியலாகத் துருவேறிக் கிடந்தன.

மீள்குடியேறியவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருந்த வேளையில் 2022 வந்தது. ஜூன் 27 இல் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் நிறுத்தப்பட்டது. பிறகு வந்த கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் கிழமைக்கு 4 லீற்றர். மூலையில் கிடந்த சைக்கிளுக்கு நாடெங்கும் புது ரயரும் ரியூப்பும் தேடினார்கள்.

இனி என்ன?

ஏ9 வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. ஊர் வீதிகள் பிரதேச சபையுடையவை. வாய்க்கால் கரை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. அதனால் வாய்க்கால் பாதை எந்த வீதிக் கணக்கிலும் வராமல், வாய்க்காலின் ஓரமாக மட்டுமே இருந்துவிடுகிறது. வாய்க்கால் திருத்தும்போது கரையில் கிறவல் போட்டு இறுக்கி, அரிப்பு விழுந்த மதகடியையும் கட்டிவிட்டால் போதும். தண்ணீருக்காகச் செய்கிற அந்த வேலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை ஏ9 இல் லொறிக்குப் பக்கத்தில் ஓடவிடாமலும் காப்பாற்றும்.