தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் மூளை

"தலைக்குக் கரன்ட் வெச்சு மூளை ரத்தக்குழாயச் சோதிக்கிறாங்களாமே, மனநோய்க்குக் குடுக்கிற அதே ஷாக்கா?" என்று கம்மாபுரம் டீக்கடையில் கேட்டார், விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்குப் போய்வரும் அண்ணன் ஒருவர். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக உண்டு. இப்போது மறதியும் சேர்ந்திருக்கிறது.

ஷாக் இல்லை அண்ணே. ஷாக் சிகிச்சையில் 800 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் போகும். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். இதில் போவது 1 அல்லது 2 மில்லி ஆம்பியர். தலைத்தோல் கொஞ்சம் குறுகுறுக்கும், அரிக்கும். இவ்வளவு சிறிய மின்சாரம்கூட மூளை நரம்புகளின் சுறுசுறுப்பை மாற்றும் என்று 2000-இல் ஜெர்மனியில் நிட்சே, பவுலஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, எதற்காக வைக்க வேண்டும்? சூளையிலிருந்து எடுத்த ஜாடியை நீங்கள் கண்ணால் பார்ப்பதோடு விடுவதில்லை, விரலால் சுண்டிச் சத்தம் கேட்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிகிறது. ஸ்கேன் கண்ணால் பார்ப்பது. இது சுண்டிப் பார்ப்பது.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான்; ஆனால் உடம்பு இழுக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. சேமித்துவைக்க அங்கே இடமும் கிடையாது. அதனால் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அந்தப் பகுதிக்குச் சில வினாடிகளில் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். 1890-லேயே ராய், ஷெரிங்டன் என்ற இருவர் இதை எழுதிவிட்டார்கள். நரம்பு கேட்கிறது, பக்கத்திலிருக்கும் நட்சத்திர வடிவச் செல்கள் செய்தியைக் கடத்துகின்றன, குழாய்ச் சுவரின் தசை தளர்ந்து வழிவிடுகிறது. சர்க்கரையும் பிரஷரும் நுண்குழாய்களைக் கெடுக்கும்போது இந்தத் தொடரில் எங்கோ தடை விழுகிறது.

அந்தச் சிறு மின்சாரத்தால் மூளையைச் சுண்டிவிட்டு, ரத்தம் வந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கு மண்டையைத் திறக்க வேண்டாம். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளி எலும்பைத் தாண்டி மூளையின் மேற்பரப்புவரை போய்த் திரும்பும். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. 1977-இல் யோப்சிஸ் என்ற ஆய்வாளர் இதைச் செய்துகாட்டினார். ஒளி அனுப்பும் விளக்கும் வாங்கும் உணரியும் ஒரு தொப்பியிலேயே அடங்கிவிடும் என்பதால், எம்.ஆர்.ஐ. போலத் தனி அறை தேவையில்லை.

இந்த மின்சாரத்தையும் ஒளியையும் சேர்த்தவர்களில் நம் நாட்டுக்காரர்கள் உண்டு. இமாச்சலத்தின் ஐ.ஐ.டி. மண்டியில் சுபஜித் ராய் சௌத்ரி, மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் இருந்த யாஷிகா அரோரா, அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருந்த அனிர்பன் தத்தா. பக்கவாதம் வந்தவர்களிடம் இப்படிச் சோதித்த ஆய்வை தத்தாவும் ராய் சௌத்ரியும் மற்றவர்களோடு 2015-இல் வெளியிட்டார்கள். 2021-இல் இந்த மூவரும் மற்றவர்களோடு வெளியிட்ட கணித மாதிரியை, என் கணக்கில், இன்னும் முக்கியமாகச் சொல்வேன். மின்சாரம் நரம்பு வழியாக ரத்தக்குழாயை எட்டுகிறதா, நட்சத்திரச் செல் வழியாகவா, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகவா, நேரே குழாய்த் தசையையே தொடுகிறதா என்று நான்கு பாதைகளைப் பிரித்துப் பார்க்க முயன்றார்கள். கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கவைக்கும் பழைய சோதனை, குழாய் விரிகிறதா என்று மட்டும்தான் சொல்லும்; நரம்பிலிருந்து குழாய்க்குப் போகும் தொடரைத் தொடாது.

"அப்போ அம்மாவ எங்க கூட்டிட்டுப் போறது?" என்றார். இதற்காக எங்கும் வேண்டாம். 2021 ஆய்வு ஆரோக்கியமானவர்களிடம் செய்தது. ஒளி மூளையின் ஆழத்துக்குப் போகாது. தலைத்தோலில் ஓடும் ரத்தமும் கணக்கில் கலந்து குழப்பும். பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளிடம் நிரூபிக்காமல் இது ஆஸ்பத்திரிச் சோதனை ஆகாது. இதைக் காட்டி யாராவது மறதிக்கு வைத்தியம் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இணையத்தில் பார்த்து பேட்டரியைத் தலையில் ஒட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

மறதியைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் பிரஷரையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரையை விடாதீர்கள். திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அது அடைப்பால் வந்த பக்கவாதமாக இருந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.