முட்டிச் சில்லுக்குக் கீழே வலியா? ஓடும் இளைஞர்கள் அறிய வேண்டியவை

சுபுஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் பெரும்பாக்கம், மேடவாக்கம் சாலைகளில் ஓடிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறோம். சிலர் சர்க்கரையைக் குறைக்க ஓடுகிறார்கள். இளைஞர்களில் பலர் ஓடுவது காவலர் தேர்வுக்காக. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு நீளம் தாண்டுதல் போன்றவையும் உண்டு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் பலர் ஷூவே வாங்குகிறார்கள். முழங்கால் வலி தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முட்டிச் சில்லையும் அதற்குக் கீழே உள்ள கால் எலும்பையும் இணைக்கும் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் இதை ‘பட்டெல்லர் டெண்டன்’ என்பார்கள். தமிழில் தசைநாண் என்கிறோம். தொடையின் முன்தசை இழுக்கும் விசை இதன் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. குதித்துத் தரையில் இறங்கும்போதும், வேகமாக ஓடி சட்டென நிற்கும்போதும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் இதன் மீது விழுகிறது. தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். இரத்த ஓட்டம் குறைவான தசைநாணுக்கோ மாதக்கணக்கில் ஆகும். எனவே மூச்சும் தசையும் தயாராகிவிட்ட இளைஞர், நாண் தயாராகும் முன்பே தூரத்தைக் கூட்டிவிடுகிறார். இழுத்து இழுத்துப் பிரி தளர்ந்த கயிறு போல நாணின் நார்கள் ஒழுங்கு கெடுகின்றன. முன்பு இதை வெறும் அழற்சி என்று எண்ணினார்கள். நாள்பட்ட வலியில் அழற்சியைவிட இந்தச் சீர்கேடுதான் முக்கியம் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. வலி மாத்திரையும் ஆயின்மெண்டும் சற்று நேரம் சுகம் தந்தாலும் காரணத்தைத் தொடாததற்கு இதுவே விளக்கம்.

இந்த வலிக்குச் சில அடையாளங்கள் உண்டு. “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டால், சில்லின் கீழ் விளிம்பை ஒரே விரலால் தொட்டுக் காட்டுவார்கள். ஓட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கும், உடல் சூடானதும் குறையும், மறுநாள் காலையில் படி இறங்கும்போது திரும்ப வரும். சில்லைச் சுற்றியும் பின்பக்கமும் பரவலாக வலித்தால் அது வேறு பிரச்சினை. முழங்காலின் வெளிப்பக்கம் வலித்தால் அதுவும் வேறு. 12, 13 வயதுப் பிள்ளைக்குச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் அது வளரும் பருவத்தில் வருவது, பெற்றோர் பயப்பட வேண்டாம். ஒருமுறை மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, ‘டப்’ என்ற சத்தத்துடன் காலை நீட்ட முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்த கடைசி நிலை எவ்வளவு பெரியது என்பதற்குப் பாலக்காட்டைச் சேர்ந்த நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கரைச் சொல்லலாம். 2022 காமன்வெல்த் போட்டியிலும் 2023 ஆசிய விளையாட்டிலும் வெள்ளி வென்றவர். பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றிருந்த அவர், 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது இதே நாண் அறுந்து, அறுவை சிகிச்சைக்குப் போனார். ஒலிம்பிக் வாய்ப்பு கைவிட்டுப் போனது. 2025 ஜூலையில் புனேயில் களமிறங்கி 8.05 மீட்டர் தாண்டி வென்றார். இடையில் கழிந்தது ஏறத்தாழ 15 மாதங்கள். நம் பிள்ளைகளுக்கு வரும் வலி பெரும்பாலும் அறுபடும் அளவுக்குப் போவதில்லை. ஆனால் நாண் திரும்ப வலுப்பெற எடுக்கும் பொறுமை இரண்டுக்கும் ஒன்றுதான்.

சிகிச்சையில் பலர் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒரு சாரார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். மறு சாரார் கட்டுப் போட்டு இரண்டு மாதம் படுத்துவிடுகிறார்கள்; பாரமே இல்லாத நாண் இன்னும் பலவீனமாகிறது, ஓடத் தொடங்கிய முதல் வாரமே வலி திரும்புகிறது. குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் மட்டும் நிறுத்தி, நாணுக்குப் படிப்படியாகப் பாரம் கொடுப்பதே வழி. முதலில், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்ந்தது போல் 45 விநாடி அசையாமல் இருப்பது; ஒன்றிரண்டு நிமிட ஓய்வு விட்டு ஐந்து முறை. வலி அடங்கத் தொடங்கியதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக உட்கார்ந்து எழுவது. பிறகு எடையைத் தூக்கிக்கொண்டு. அதன் பின்னர்தான் குதித்தல், வேக ஓட்டம். பயிற்சியில் பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம் என்று பொருள். குறைந்தது மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதமும் ஆகலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டித் தொடங்குவது நல்லது. நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு உடனே ஓடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்; அது நாணைப் பலவீனப்படுத்தும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளும் நாண்களைப் பாதிக்கக் கூடியவை. மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறோம்.

தொழுகை பற்றியும் கேட்கிறார்கள். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி புகாரியில் இருக்கிறது. சலுகை உண்மையில் இயலாதவருக்கு. இந்த வலி உள்ள இளைஞர்களில் பெரும்பாலோருக்கு நாற்காலி தேவைப்படாது. முழங்காலுக்குக் கீழே கனமான விரிப்பைப் போட்டு, எழும்போது கையை ஊன்றிக்கொண்டால் போதும். சுபுஹில் நாற்காலி, அஸருக்குப் பின் கிரிக்கெட் என்றால் அது வேறு விஷயம்! மண்டியிடவே முடியாத நிலை என்றால் உங்கள் மத்ஹபின்படி எப்படித் தொழுவது என்று மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடற்தகுதித் தேர்வுக்கு மூன்றே வாரம் இருக்கும்போது வலி வந்தவர்கள், அதற்குள் முழுதாகக் குணமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தாண்டும் பயிற்சியை வாரத்திற்கு ஒரு முறையாகக் குறைத்து, ஓட்டத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைத்து, சுவர்ப் பயிற்சியைத் தினமும் செய்தால் இன்ஷா அல்லாஹ் பலர் சமாளித்துவிடலாம். அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருப்பவர்கள் ஷூவை இந்த வாரமே வாங்கி, மெதுவான ஓட்டத்தோடும் தொடைத் தசைப் பயிற்சியோடும் இப்போதே தொடங்கட்டும்.