மணலில் ஏன் ஓடவில்லை?

குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகன் பழைய பல் பிரஷின் தலையை வெட்டி, உடைந்த போனில் கழற்றிய அதிர்வு மோட்டாரையும் பொத்தான் பற்றரியையும் அதன் முதுகில் ஒட்டினான். சீமெந்துத் தரையில் பூச்சி மாதிரி ஓடுகிறது. முற்றத்து மணலில் விட்டால் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. ஏன்?

அருமையான கேள்வி. இந்தப் பொம்மையின் உயிரே அதற்குள் இருக்கிறது.

மோட்டாரின் அச்சில் ஒரு சிறு எடை ஒருபக்கமாகத் தொங்குகிறது. அரைக் கிராம் எடை, அச்சிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, வினாடிக்கு 150 தடவை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அது உலுக்கும் விசை ஏறக்குறைய 45 கிராம் எடைக்குச் சமம். வண்டியின் மொத்த எடை 10 கிராம்கூட வராது. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் அது தரையில் அழுந்துகிறது, பிறகு எழும்புகிறது.

ஆனால் மேலும் கீழும் குதிப்பது எப்படி முன்னோக்கிய ஓட்டமாகிறது? கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். கடல்பக்கம் குதிகாலை ஊன்றி, உடம்பைக் கரைப்பக்கம் சாய்ப்பார்கள். பாரம் முழுக்கக் காலில் இறங்கும்போது கால் வழுக்காது, உடம்புதான் கரைநோக்கி நகரும். கயிறு சற்றுத் தளர்ந்ததும் காலை எடுத்து அடுத்த அடி வைப்பார்கள். பிரஷின் தும்புகளும் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. அழுந்தும் கணத்தில் நுனி தரையைப் பிடிக்கிறது, தும்பு வளைகிறது, உடல் முன்னே தள்ளப்படுகிறது. எழும்பும் கணத்தில் பிடி தளர்ந்து நுனியும் முன்னே வழுக்குகிறது. நூற்றுக்கணக்கான தும்புகள், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் நூற்றுக்கணக்கான ஆட்கள். மோட்டார்தான் இழுப்புக்குத் தாளமாக அம்பாப் பாட்டுப் பாடுபவர். வினாடிக்கு 150 தரம் பாடுகிறார். இழுபடும் வலை மட்டும் அவர்கள் முதுகிலேயே ஏறியிருக்கிறது.

அதே ஆட்களைத் தேங்காய்க் குவியலின்மேல் நிறுத்தி இழுக்கச் சொல்லுங்கள். மணலில் நடப்பது அதுதான். தும்பின் தடிமன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். மணற்பருக்கை பெரும்பாலும் அதற்குச் சமமான, அல்லது பெரிய உருண்டை. பிடிக்கப் போனால் உருண்டுவிடுகிறது.

2007இல் அமெரிக்காவில் விண்டல் ஒஸ்கேயும் லெனோர் எட்மனும் இந்த பிரஷ் வண்டியைப் பரப்பினார்கள். பிறகு கடைப் பொம்மையாகவும் வந்தது. இப்போது இதையே பெட்டியில் போட்டு, ‘செயற்கை நுண்ணறிவுக்கு முதற்படி’ என்று விற்கும்போதுதான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. இதில் உணரியும் இல்லை, மூளையும் இல்லை. திசையைத் தீர்மானிப்பது முக்கியமாகத் தும்பின் சாய்வுதான். அந்த வியப்பைப் பிள்ளையிடமிருந்து மறைக்கக் கூடாது.

சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியரான எல். மகாதேவன், 2013இல் வெளியான ஆய்வொன்றில் சக ஆய்வாளர்களோடு மூளையில்லாத இதே பிரஷ் வண்டிகளைக் கூட்டமாக ஒரு சிறு அரங்கில் ஓடவிட்டார். குறைவாக இருந்தபோது தத்தம் போக்கில் அலைந்தன. நெருக்கம் கூடியதும் ஒன்றுசேர்ந்து சுழன்றன, அல்லது ஒன்றையொன்று நெருக்கி நின்றுவிட்டன. எது நடக்கும் என்பதை, தனி வண்டி எவ்வளவு நடக்கிறது, எவ்வளவு சுழல்கிறது என்ற விகிதமே முடிவுசெய்தது.

அந்தத் தாய்க்கு ஒன்று: பொத்தான் பற்றரியை ஒட்டுப்பட்டியால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். சின்னப்பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். மகனுக்கு ஒன்று: இன்னும் நாலைந்து செய்து, வீட்டுச் சஹன் தட்டில் ஒன்றாக விட்டுப் பார். தும்புகளை எதிர்ப்பக்கம் வளைத்தால் எந்தப் பக்கம் ஓடும் என்பதை விடுவதற்கு முன்பே எழுதி வை.