மனதில் நிற்கும் பழைய பாக்கி

இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் கடைகளில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணுகிறோம். போனில் வந்த தொகையைத் தனியே குறித்துக்கொள்கிறோம். கடைசியாகப் பாக்கி நோட்டைப் புரட்டுகிறோம். அன்றைக்கு நூறு பேருக்கு மேல் வந்து, கேட்ட விலையைக் கொடுத்து, சரக்கு வாங்கிப் போயிருப்பார்கள். அவர்களில் ஒருவர் முகம்கூட நினைவில் நிற்பதில்லை. சொன்ன நாளில் தராமல் போன மூன்று பேருடைய முகம் மட்டும் ஷட்டரை இறக்கும்போதும், வண்டியில் வீட்டுக்குப் போகும்போதும், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் கூடவே வருகிறது.

பணக் கணக்கில் நாம் கெட்டிக்காரர்கள். பற்று, வரவு, இருப்பு என்று பிரித்து எழுதுகிறோம். வராது என்று தெரிந்த கடனை வாராக்கடன் என்று எழுதித் தள்ளவும் தெரியும். மனதில் ஓடும் கணக்குக்கு மட்டும் அப்படிப்பட்ட முறை எதுவும் இல்லை. அங்கே பற்று மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வரவு எழுதப்படுவதே இல்லை. ஐந்தொகை போட்டுப் பார்த்தால் வாழ்க்கையே நஷ்டம் என்று தோன்றுகிறது.

இது நம் குணக்கேடு அல்ல, மனித மனத்தின் அமைப்பே அப்படித்தான் என்கிறார்கள் மனநூல் அறிஞர்கள். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து ஒன்று உண்டு. நூறு ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் போனால் வரும் வலி ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது அது. கானமன் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல நோபல் பரிசு தேவையில்லைதான். ஆனாலும் நமக்கு மட்டும் இப்படி இல்லை என்று தெரிவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

என் கடை அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஃபேர்லேண்ட்ஸ் வட்டாரத்தில் வாடகைக்கு வருபவர்களும் மாற்றலாகிப் போகிறவர்களும் அதிகம் என்பது நம் சேலத்து வணிகர்களுக்குத் தெரியும். 2013இல் அப்படிக் குடியிருந்த ஒரு குடும்பம், மாதக் கணக்கில் வாங்கிய மளிகைக்கு 11,640 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. ஊர் எது, போன் எண் எது என்று விசாரித்தும் பலன் இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே நான் நிறுத்திவிட்டேன். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குக் கொள்முதலுக்குப் போனால், அங்கே தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் வரமாட்டேன்.

அடுத்த ஆண்டு ஒரு மாதக் கடைசி. 1998 முதல் என்னிடமே வாங்கும் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், "தம்பி, பேங்க் ரெண்டு நாள் லீவாம். ஒண்ணாம் தேதி சேர்த்துக் குடுத்துடறேன், எழுதிக்குங்க" என்றார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். என் வாயிலிருந்து, "எல்லாரும் இப்படித்தாங்க சொல்றாங்க" என்று வந்துவிட்டது. அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் வந்து, முழுப் பாக்கியையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வரவில்லை.

நாம் வியாபாரிகள், கணக்காகவே பார்ப்போம். அந்த அம்மா மாதம் சுமார் 3,000 ரூபாய்க்கு வாங்குவார். நமக்கு நிற்பது பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 3,600 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 14,400. ஓடிப்போனவர் எடுத்தது 11,640தான். அவரைப் பற்றிய நினைவு எடுத்தது அதைவிட அதிகம். இதில் டீச்சரம்மாவின் முகம் வாடியதற்கு விலை போடவில்லை.

அப்படியானால் மறந்துவிட வேண்டியதுதானே என்றால், அது அவ்வளவு எளிதல்ல. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குப் பழையது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1987இல் அதையே சோதனையாகச் செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலேயே தடையில்லாமல் இருந்தவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. மனதுக்குள் அமுக்கி வைப்பது மறப்பதாகாது.

ஒரு நினைவு ஏன் அரித்துக்கொண்டே இருக்கிறது என்று பார்த்தால்தான் வழி தெரியும். ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண்மணி பெர்லினில் ஆராய்ச்சி செய்து 1927இல் வெளியிட்ட முடிவு நமக்காகவே எழுதப்பட்டது போல் இருக்கிறது. ஓட்டல் சப்ளையர் ஒருவர், பணம் வராத மேஜைகளின் கணக்கையெல்லாம் எழுதாமலே நினைவில் வைத்திருப்பார், பணம் வந்ததும் அடியோடு மறந்துவிடுவார் என்பதிலிருந்துதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியதாகச் சொல்வார்கள். முடிந்த வேலையைவிட, பாதியில் தடுக்கப்பட்ட வேலையே அதிகம் நினைவில் நின்றது என்று அந்த அம்மையார் கண்டார். பிற்காலத்தில் இதே சோதனையைச் செய்த எல்லோருக்கும் அதே விடை வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2011இல் அமெரிக்காவில் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. முடியாத வேலை மனதில் குறுக்கிடத்தான் செய்கிறது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டால், வேலை முடியாவிட்டாலும் அந்தக் குறுக்கீடு அடங்கிவிடுகிறது.

பாக்கி நோட்டில் வெறும் தொகையை எழுதி வைத்தால் அது தினமும் கண்ணில் குத்தும். பக்கத்திலேயே "வெள்ளிக்கிழமை மாலை போன்", "ஐந்தாம் தேதி நேரில்" என்று எழுதி வைத்தால், வெள்ளிக்கிழமை வரை அதை மனது விட்டு வைக்கும். நான் செய்து பார்த்ததில் இது ஒன்றுதான் உடனே பலன் தந்தது.

பெரிய பாக்கியாக இருந்தால் இன்னும் ஒரு படி உண்டு. விற்ற சரக்குக்கான விலையைக் கேட்டு வழக்குப் போட, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் கெடு. கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. நான் சொல்ல வருவது வேறு. சட்டம்கூட மூன்று ஆண்டுகளில் தன் புத்தகத்தை மூடிவிடுகிறது. நாம் முப்பது ஆண்டுகள் திறந்து வைத்திருக்கிறோம். வராது என்று முடிவானால் ஆடிட்டரைக் கலந்து, தேதி போட்டு எழுதித் தள்ளிவிட வேண்டும். தேதி போடுவது முக்கியம். இன்றோடு முடிந்தது என்று கையால் எழுதும்போது மனதுக்கும் அது புரிகிறது.

அடுத்தது, நாம் கதை சொல்லும் விதம். நினைவு என்பது பேரேடு மாதிரி, எழுதியது எழுதியபடியே இருக்கும் என்று எண்ணுகிறோம். அப்படி இல்லை. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் 1974இல் கார் விபத்துப் படங்களை மாணவர்களுக்குக் காட்டி, என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டார்கள். "நொறுங்க மோதியபோது" என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றார்கள். "தொட்டபோது" என்று கேட்டால் 32 மைல் என்றார்கள். படங்கள் அவையேதான், கேட்ட சொல்தான் வேறு. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. வெறுமனே "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்களைவிட, "நொறுங்க" என்ற சொல்லைக் கேட்டவர்களில் இரண்டு மடங்குக்கும் மேலானவர்கள் பார்த்தோம் என்றார்கள்.

லீ பஜாரில் ஒவ்வொரு முறை நான் அந்தக் கதையைச் சொல்லும்போதும் இதுதான் நடந்திருக்கிறது. முதலில் "குடுக்காமப் போயிட்டார்" என்றேன். பிறகு "ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்றேன். அப்புறம் "திட்டம் போட்டே வந்திருக்கான்" என்றேன். அந்த மனிதருக்கு வேலை போயிருந்ததாகப் பக்கத்து வீட்டார் அப்போதே சொன்னது, என் கதையிலிருந்து எப்போது விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. வட்டி குட்டி போட்டது என்பார்களே, அது இதுதான்.

திருவள்ளுவர் இந்த விஷயத்தில் நம்மைப் போன்ற கணக்கர்களுக்கு ஏற்றவர். செய்ந்நன்றி அறிதல் என்ற அதிகாரத்தில் 108ஆவது குறளில், நல்லதல்லாததை அன்றைக்கே மறந்துவிடச் சொல்கிறார். கெடுவே ஒரு நாள்தான். பொறையுடைமையில் 152ஆவது குறளில், பொறுத்துக்கொள்வதைவிட மறப்பது மேல் என்கிறார். அதே வள்ளுவர் பொச்சாவாமை என்று 54ஆவது அதிகாரம் முழுவதையும் கடமையில் மறதி கூடாது என்பதற்கே ஒதுக்கியிருக்கிறார். மறக்கச் சொல்வதும் மறக்காதே என்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஆளை மறக்க வேண்டும், பாடத்தை மறக்கக்கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் கடன் ஏற விடக்கூடாது, புதிதாக வருகிறவருக்கு இவ்வளவுதான் வரம்பு, மூட்டையை எடை போடாமல் இறக்கக்கூடாது என்று விதியாக எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டால், எந்த ஆளால் அந்த விதி வந்தது என்பது நமக்கு வேண்டியதில்லை. எதற்காக என்று கேட்கும் பையனுக்கும் விதியைச் சொன்னால் போதும். ஆளின் பெயரைச் சொல்ல வேண்டாம்.

நல்ல நினைவுகளின் கதை வேறு. அவை தாமாக நிற்பதில்லை, நாம்தான் வரவு வைக்க வேண்டும். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் வங்கி வரிசையும் சில்லறை இல்லாத திண்டாட்டமும்தான் நமக்கு நினைவு வருகிறது. கையில் நோட்டு இல்லாத வாடிக்கையாளருக்கு நாம் நம்பி எழுதிக் கொடுத்ததும், அவர்கள் பெரும்பாலும் திருப்பித் தந்ததும் அதே வாரத்துச் செய்திதான். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. அத்தியாவசியப் பொருள் என்பதால் மளிகைக் கடைகளுக்கு விலக்கு இருந்தது. பயத்தோடுதான் கடை திறந்தோம். "நீங்க இல்லைன்னா என்ன பண்ணியிருப்போம்" என்று அப்போது சொன்னவர்கள் எத்தனை பேர்? யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதை எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒரு முறை, நன்றி சொல்லத்தக்கவையாக ஐந்து வரை எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர் தொல்லைகளை எழுத வேண்டும். பத்து வாரத்தின் முடிவில், நல்லதை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கை மொத்தத்தையும் பற்றி மேலான எண்ணத்தோடு இருந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறைதான். சரக்குக்கு ஆர்டர் எழுதும் நேரம்கூட ஆகாது. படியால் அளந்து விற்ற காலத்தில் முதல் படியை "ஒன்று" என்று எண்ணாமல் "லாபம்" என்று எண்ணிவிட்டு, அடுத்ததை "இரண்டு" என்பார்கள் பெரியவர்கள். முதல் வரவை நல்லதாக வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

கடை அடைக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று. கானமனும் கூட்டாளிகளும் 1993இல் செய்த சோதனை இது. 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, அதே ஒரு நிமிடத்தோடு மேலும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றப்பட்டது. மூன்றாம் முறைக்கு எது வேண்டும் என்று கேட்டதற்கு, 32 பேரில் 22 பேர் நீண்டதையே கேட்டார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. உச்சத்தையும் முடிவையும் வைத்தே மனது ஒரு நிகழ்ச்சிக்கு மதிப்புப் போடுகிறது. சாமான் கட்டி முடித்ததும் கூட வந்த குழந்தை கையில் ஒரு கல்கண்டோ கடலை மிட்டாயோ கொசுறாகக் கொடுத்த நம் முன்னோருக்கு இது தெரிந்தே இருந்தது. வாடிக்கையாளருக்குக் கொடுத்த அந்தச் சலுகையை நமக்கு நாமே கொடுத்துக்கொள்வதில்லை. நான் இப்போது பாக்கி நோட்டை மாலை ஆறு மணிக்கு, விளக்கு வைத்ததும் பார்த்து முடித்துவிடுகிறேன். இரவில் கல்லா எண்ணிய பின், அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றை எழுதிவிட்டு ஷட்டரை இறக்குகிறேன். ஒன்றுமே இல்லாத நாளும் உண்டு. அப்போது "பையன் இன்று நேரத்துக்கு வந்தான்" என்று எழுதுவேன்.

எல்லா நினைவையும் நோட்டுப் புத்தகத்தால் அடக்கிவிட முடியாது. விபத்து, வீட்டில் ஒரு சாவு, குடும்பத்தையே கவிழ்த்த மோசடி போன்றவை தூக்கத்தைக் கெடுத்து வாரக்கணக்கில் நீடித்தால், அது வைத்தியம் வேண்டிய விஷயம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போவது போலத்தான் இதுவும்.

டீச்சரம்மா விஷயம் பாதியில் நிற்கிறது. 2018 சரஸ்வதி பூஜையன்று புதுக் கணக்கு நோட்டைப் பூஜையில் வைத்தபோது, பழைய நோட்டில் 11,640க்கு எதிரே தேதி போட்டுக் கோடு கிழித்தேன். மறுநாள் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நான்கு வருடம் கழித்து மன்னிப்புக் கேட்பது சிரமமாகத்தான் இருந்தது. "அதை நான் எப்பவோ மறந்துட்டேன் தம்பி" என்றார். மறக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். காபி கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து எண்ணெய்யும் பருப்பும் என்னிடம் வாங்குகிறார். அரிசி மட்டும் இன்னும் வேறு கடையில்தான்.